ஜீவனி: பைக்கற் நல்லது, கலக்கிற கைதான் பிழை

வயிற்றோட்டத்துக்கு யாழ்ப்பாணத்துப் பாமசிகளில் ஜீவனியை, அதாவது நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–குளுக்கோஸ் தூளைவிடப் பெறுமதியான சாமான் கிடைக்காது. 1971இல் வங்காள எல்லை அகதி முகாம்களில் கொலராவை மடக்கியதும் இந்த உப்பு–குளுக்கோஸ் கரைசல்தான்.

வாங்கும்போது பைக்கற்றிலுள்ள எழுத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 அளவு, லீற்றருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைட்டு 1.5, சிற்றேற்று 2.9.

ஒரு லீற்றர் நீருக்கான பைக்கற்றைப் பாதியாய்ப் பிரித்துத் தம்ளரில் போடுவார்கள். உப்பு கூடிக் குழந்தைக்கு ஆபத்தாகும். கொதித்தாறிய நீரிலேயே கரையுங்கள். நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழிக் கசிவு கிணற்றுக்கு வர அதிக நேரம் எடுக்காது. கரைத்தபின் கொதிக்கவைக்காதீர்கள், 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். சத்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக.

சுவை சுமார். அதற்காகச் சீனி போட்டால் வயிற்றோட்டம் கூடும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் சிங்க் குளிசை இதில் வராது, வைத்தியரிடம் தனியே கேளுங்கள்.