கடைசி மடக்குக்கு மார்க் போடுகிறவன்

முதல் மடக்கில் எல்லா பீரும் நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் அலைந்துவிட்டு வந்து, வேர்த்திருக்கும் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்தால் உள்ளே எது இருந்தாலும் அமிர்தம்தான். அதனால் முதல் மடக்குக்கு நான் மார்க் போடுவதில்லை. கிளாஸ் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிஞ்சும் பாருங்கள், குளிர்ச்சி போய், கேஸ் பாதி இறங்கி, நுரை ஓரமெல்லாம் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு. அந்தக் கடைசி மடக்குக்குத்தான் மார்க்.

இந்தப் பழக்கம் ஒரு போன் காலில் வந்தது. லாகர் வகை பீர் ஒன்றை ஊற்றிப் பாதி குடித்திருந்தேன். ஆபீஸிலிருந்து அழைப்பு, நாற்பது நிமிடம். திரும்பி வந்து மீதியை வாயில் வைத்தால் அவித்த மக்காச்சோளத் தண்ணீர், கூடவே நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஒரு மணி நேரம் முன்னால் ரசித்துக் குடித்த அதே பீர்! அடுத்த வாரம் இன்னொரு பீர், இன்னொரு நீண்ட போன் கால். இந்தத் தடவை பேசிக்கொண்டே குடித்து முடித்திருக்கிறேன், கிளாஸ் காலியானதுகூடத் தெரியவில்லை. அது பில்ஸ்னர் உர்க்வெல். மறுநாளே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் மேலே எழும்பாது. சோள வாசனை மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்து, வருவது. காய்ச்சும்போது நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும், அரைகுறையாகக் கொதித்தால் தங்கிவிடும். அட்டை வாசனை பழசானதன் அடையாளம், ஆக்சிஜன் செய்கிற வேலை. இரண்டையும் ஐஸ் குளிர் மூடி மறைக்கும். ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் பரிமாறுகிற இடம் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

மச்சினனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "சில்லுன்னு இருக்கணும், ரொம்பக் கசக்கக் கூடாது. இதுக்கு மேல பீர்கிட்ட என்ன மாமா எதிர்பார்க்கறீங்க?" என்பான். நியாயமான கேள்வி. சில்லென்று மட்டும் வேண்டுமானால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், இருப்பதில் புதிய தேதி போட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பில்ஸ்னர் உர்க்வெல்லுக்கு வருகிறேன். நோட்டில் முதல் பக்கம் அதற்குத்தான். பில்சன் இன்றைய செக் நாட்டில் இருக்கிற ஊர். 1838இல் அங்கே கெட்டுப்போன பீரை, 36 பீப்பாய், நகர மன்றத்துக்கு எதிரே தெருவில் கொட்டினார்கள். பீர் காய்ச்சும் உரிமை வைத்திருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து புதிதாக ஒரு ஆலை கட்டி, இன்றைய ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்பவரைக் கூட்டி வந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சி எடுத்தது தங்க நிறத்தில் பளிச்சென்று இருந்தது. இன்று உலகம் முழுக்க விற்கிற மஞ்சள் பீரில் பெரும்பாலானவை அதன் பேரப்பிள்ளைகள்தான். தாத்தாவின் ஜாடை எத்தனைக்கு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

குடித்துப் பார்த்தால் முதலில் ரொட்டியின் மேல்தோல் வாசனை. மால்ட் கூழில் ஒரு பங்கை எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்ப்பார்கள். இப்படி மூன்று தடவை. அந்த உழைப்புதான் இந்த வாசனை என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு இழை வெண்ணெய். கசப்பு உடனே வராது. விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கத்தில் மெதுவாக ஏறி, அங்கேயே ஒரு நிமிடம் இருந்துவிட்டு, ஒட்டாமல் இறங்கிவிடும். பில்சன் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு, அதனால் கசப்பில் முரட்டுத்தனம் இல்லை. கசப்பையும் வாசனையையும் தருகிற கொடியான ஹாப்ஸ், அதே நாட்டின் ஜாடெட்ஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து வருவது. ஆல்கஹால் 4.4 சதவீதம்தான். சூடு ஏறிய கடைசி மடக்கில் ரொட்டி வாசனை கூடும், கசப்பு அப்படியே நிற்கும். பத்துக்கு ஒன்பது. மீதி ஒரு மார்க்கைப் பிடித்துக்கொண்டது என் கஞ்சத்தனம்.

கோதுமை பீருக்கு என் விதி கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அதில் கடைசி மடக்குதான் முக்கியமான மடக்கே. வைஹென்ஸ்டெஃபான் ஆலையின் ஹெஃபெவைஸ்பியர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், அடியில் மெல்லிய ஈஸ்ட் படிவு தெரியும். உயரமான கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றிவிட்டு நிறுத்த வேண்டும். மீதியோடு பாட்டிலை வட்டமாக நாலு சுற்று சுற்றி, கலங்கியதை அப்படியே நுரையின் மேல் விட வேண்டும். தெளிந்திருந்தது ஒரு நொடியில் மங்கி, மாலை வெயில் நிறத்துக்கு வரும். முகர்ந்தால் வாழைப்பழம், பின்னாலேயே கிராம்பு. இரண்டும் உள்ளே கிடையாது. இரண்டையும் உண்டாக்குவது அந்த ஈஸ்ட்.

வேடிக்கை என்னவென்றால், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே சேர்க்கலாம் என்று 1516இல் பவேரியாவில் போட்ட சட்டத்தில் ஈஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. கோதுமைக்கும் அதில் இடமில்லை. ஆள்பவர்கள் கொடுத்த தனிச் சலுகையில் பிழைத்து வந்த பீர் இது. சூடு ஏற ஏற என் மூக்குக்கு வாழைப்பழம் இறங்கி, கிராம்பு மேலே வருகிறது. எட்டரை மார்க்.

என் மனைவி குடிப்பதில்லை. ஆனால் மூக்கு அவளுடையதுதான் நல்ல மூக்கு. புதிதாக எதைத் திறந்தாலும் முதலில் அவளிடம் நீட்டுவேன், ஒரு வார்த்தையில் தீர்ப்பு வரும். ஹோகார்டனை முகர்ந்துவிட்டு "மல்லி" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை! பெல்ஜியத்தில் மறைந்தே போயிருந்த இந்தக் கோதுமை பீர் வகையை 1966இல் பியர் செலிஸ் மீட்டெடுத்தபோது, பழைய வழக்கப்படி சேர்த்தது கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும். இதமான பீர். ஆனால் கடைசி மடக்கு வரைக்கும் இழுக்கக் கூடாது, சீக்கிரம் குடித்துவிட வேண்டும். ஏழு.

ஷ்லெங்கர்லாவை முகர்ந்தபோது அவள் சொன்னது "அடுப்பு". ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரில் பீச் மர நெருப்பில் மால்ட்டை உலர்த்திச் செய்கிற புகை பீர் அது. புகை படாமல் உலர்த்தும் சூளை வருவதற்கு முன்னால், விறகில் உலர்த்திய மால்ட் எல்லாவற்றிலும் இந்த வாசனை இருந்திருக்கும். மூன்றாவது மடக்கில் கிளாஸைக் கீழே வைத்துவிடலாமா என்றிருந்தது. பாதியில் மூக்கு பழகிவிட்டது. கடைசி மடக்கில் புகை எங்கே போனதென்றே தெரியவில்லை, அடியில் இருந்த இனிப்பு வெளியே வந்திருந்தது. நோட்டில் முதலில் போட்ட 4ஐ அடித்து 8 என்று எழுதியிருக்கிறேன். இருந்தாலும் வருடத்துக்கு ஒன்று போதும்.

கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று மச்சினன் நம்பிக்கொண்டிருந்தான். நிறையப் பேர் நம்புகிறார்கள். கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் நாலு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கறுப்பு வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. வெளிர் பொன்னிறத்தில் அப்பாவி மாதிரி நிற்கும் டுவெல் என்ற பெல்ஜிய பீரில் 8.5 சதவீதம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அவன் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தான். கின்னஸ் டின்னை ஆட்டினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உருண்டை உருளும். டின்னைத் திறந்ததும் அதிலிருந்து நைட்ரஜன் பீறிட்டு வந்து பீரைக் கலக்கிவிடும். கிரீம் போன்ற நுரை அதனால்தான். கிளாஸ் ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நடுவில் மேலே ஏறும் குமிழிகள் பீரையும் தூக்கிப் போக, அது ஓரமாகத் திரும்பி வரும்போது சின்னக் குமிழிகளை இழுத்து வருகிறது. பார்க்கப் பத்து மார்க், கடைசி மடக்குக்கு ஏழு.

கறுப்பில் எனக்குப் பிடித்தது இம்பீரியல் ஸ்டவுட். ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போன சரக்கு. ஆல்கஹால் பத்து சதவீதம் பக்கம் இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, சின்ன கிளாஸில் ஊற்றி, ஒரு மாலை முழுக்க வைத்துக் குடிக்க வேண்டிய சங்கதி. "காபித்தூள் டப்பா" என்பது வீட்டுத் தீர்ப்பு. என் விதிக்கென்றே செய்த பீர், கடைசி மடக்குதான் உச்சம். ஒரு பாட்டிலை இரண்டு பேராகப் பகிர்ந்தால் போதும்.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல். பெயரில் இந்தியா இருப்பதால் எனக்கு ஆரம்பத்தில் ஒரு பாசம் இருந்தது. கப்பலில் இந்தியா வரைக்கும் கெடாமல் வர ஹாப்ஸ் கூடுதலாகப் போட்டார்கள். ஹாப்ஸுக்குக் கெடாமல் காக்கும் குணம் உண்டு என்பதும் உண்மை. அந்தப் பயணத்துக்காகவே ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்பது மட்டும் மிகைக்கதை. போர்ட்டர் என்கிற கறுப்பு பீரும் அதே கப்பல்களில்தான் வந்தது. பாசம் தீர்ந்தது ஒரு டின்னால். ஆலையின் பெயர் வேண்டாம். படத்தில் பழமெல்லாம் போட்டிருந்தது, உள்ளே வாடிய வெங்காயம். அடியில் தேதியைப் பார்த்தேன், அடைத்து ஒன்பது மாதம். ஹாப்ஸ் வாசனை பூ மாதிரி, காத்திருக்காது. அன்றிலிருந்து தேதி பார்க்காமல் ஹாப்ஸ் பீர் வாங்குவதில்லை. இந்த வரிசையில் நான் திரும்பத் திரும்பப் போவது சியரா நெவாடா பேல் ஏல், 1980இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. கேஸ்கேட் என்ற ஹாப்ஸ், பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருகிற அதே வாசனை. எட்டு.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது முழுக்க என் தப்பு. பச்சை பாட்டில் ஒன்று பார்க்க அழகாக இருந்ததென்று ஜன்னல் ஓரத்தில் வைத்துப் படம் எடுத்தேன், எடுத்துவிட்டு அங்கேயே மறந்தும் போனேன். சாயங்காலம் குளிரவைத்துத் திறந்தால் எரிந்த ரப்பர். மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். ஹாப்ஸின் கசப்புச் சத்தை வெளிச்சம் உடைத்து ஒரு கந்தகப் பொருளாக்கிவிடுகிறது. ஆபத்து வந்தால் நாற்றத்தைப் பீய்ச்சுமே ஸ்கங்க் என்ற பிராணி, அது பீய்ச்சுவதும் இதற்கு நெருங்கிய உறவுதான். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சையும் நிறமில்லாததும் அவ்வளவாகத் தடுக்காது. டின் என்றால் கவலையே இல்லை.

கான்டியோன் ஆலையின் கூஸ் என்ற பீர் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸில், குளிர்மாதங்களில் மட்டும், காய்ச்சியதைத் திறந்த தொட்டியில் இரவெல்லாம் ஆறவிட்டு, காற்றில் இருக்கிற ஈஸ்ட்டே வந்து இறங்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் மரப் பீப்பாயில் இருந்ததைக் கலந்து பாட்டிலில் அடைப்பது கூஸ். மச்சினன் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, இது கெட்டுப்போச்சு, திருப்பிக் குடுத்துடுங்க" என்றான். எலுமிச்சை, ஈர மரம், பழைய நிலவறை. அவன் பங்கையும் நானே முடித்தேன். மார்க் போடவில்லை, இன்னொரு தடவை குடித்தால்தான் தைரியம் வரும்.

இவ்வளவுக்கும் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில், கூடிப்போனால் இரண்டு. மூன்றாவதில் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அப்படிப் போட்ட மார்க்குகளை மறுநாள் அடித்திருக்கிறேன். கிளாஸில் சோப்போ எண்ணெய்ப் பசையோ மிஞ்சியிருந்தால் நுரை நிற்காது. நல்ல தண்ணீரில் இன்னொரு தடவை அலசிக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பத்து ஒன்றுக்குத்தான் கொடுத்திருக்கிறேன், ஓர்வல். பெல்ஜியத்தில் ஒரு துறவி மடத்துக்குள் 1931இல் தொடங்கிய ஆலை. பௌலிங் விளையாட்டின் கட்டை மாதிரி பாட்டில். அதில் வாயில் மோதிரம் கவ்விய மீன். சுனையில் விழுந்த கல்யாண மோதிரத்தை ஒரு மீன் கொண்டுவந்து கொடுத்ததாக அந்த மடத்தில் ஒரு கதை. நமக்கு அந்தக் கதை ஒன்றும் புதிதில்லை. பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டையும் சேர்த்துவிடுகிறார்கள். மூடி போட்ட பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், மாதத்துக்கு மாதம் சுவை மாறும்.

அதனால் ஒரே தேதி போட்ட ஆறு பாட்டில் வாங்கி, இருட்டான அலமாரியில் நிற்கவைத்து, நாலு மாதத்துக்கு ஒன்று என்று திறந்தேன். முதலாவதில் ஹாப்ஸ் தூக்கலாக இருந்தது, ஆரஞ்சு நிறம், நறுக்கென்ற கசப்பு. இரண்டாவதில் ஹாப்ஸ் பின்வாங்கியிருந்தது, குதிரைச் சேணம் மாதிரி ஒரு தோல் வாசனை. மனைவி "லாயம்" என்றாள். மூன்றாவதை மச்சினன் கேட்டு வாங்கிக் குடித்தான், வழக்கம்போல ஐஸ் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான்காவதில் இனிப்பு சுத்தமாக வற்றிவிட்டது. ஐந்தாவதன் கடைசி மடக்கைக் கிளாஸில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த வைக்கோல், ஆரஞ்சுத் தோல், அந்தத் தோல் வாசனையின் நிழல், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து போயின.

ஆறாவது பாட்டில் அலமாரியில் நிற்கிறது. கணக்குப்படி அடுத்த மாதம் திறக்க வேண்டும். போன வாரம் வந்திருந்த மச்சினன், செருப்பைக் கழற்றும்போதே அலமாரிப் பக்கம்தான் பார்த்தான்.