மன இறுக்கத்துக்குச் சப்பாத்தியா, மைசூர் பாகா, வத்தக்குழம்பா?

சமைத்தால் மனசு லேசாகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எதைச் சமைத்தால் என்று யாரும் சொல்வதில்லை. காலை ஏழரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டிய சமையலில் லேசாவதற்கு என்ன இருக்கிறது? அது வேலை, அதுவும் சம்பளம் இல்லாத வேலை. அதைத் தினமும் செய்கிறவருக்கு இறுக்கம் குறைய வேண்டுமானால் வீட்டில் வேறு யாராவது கரண்டியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் பேசுவது, அவசரம் இல்லாத ஒரு மாலையில் நாமாக விரும்பி அடுப்படிக்குள் போகிற சமையலைப் பற்றி.

என் அளவுகோல்கள் மூன்று. கைக்கு வேலை இருக்கிறதா, பதம் தப்பினால் மீட்க முடியுமா, முடிந்தபின் கழுவ எவ்வளவு பாத்திரம் விழும்.

கைவேலை என்று பார்த்தால் சப்பாத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. யார் மீதாவது கோபம் இருக்கும் நாளில் இரண்டு கப் கோதுமை மாவை எடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைய ஆரம்பியுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் மாவு கோபித்துக்கொள்ளாது. அழுத்த அழுத்த உள்ளே குளூட்டன் என்ற புரத இழைகள் பின்னிக்கொண்டு இன்னும் நன்றாகத்தான் வரும். கையெல்லாம் மாவு என்பதால் செல்போனையும் தொட முடியாது. பாதி நிம்மதி அதில்தான் என்பது என் சந்தேகம். 2020 ஊரடங்கில் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு ரொட்டி சுடக் கிளம்பி, கடைகளில் மாவே கிடைக்காமல் போனது. ஆலைகளில் மாவு இருந்தது. வீட்டுக்கு வாங்கும் சின்னப் பைகளில் அத்தனை வேகமாக அடைக்கத்தான் முடியவில்லை. கலங்கிப்போன மனசு மாவைத் தேடிப் போவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

ஆனால் பிசைந்து அரை மணி ஊறவைத்த பிறகுதான் சப்பாத்தி தன் குணத்தைக் காட்டும். ஒரு பக்கம் தேய்க்க வேண்டும், மறுபக்கம் கல்லில் திருப்ப வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் 'இன்னொண்ணு சூடா' என்று கேட்பார்கள். தனி ஆளாகச் செய்தால் போன இறுக்கம் அப்படியே திரும்பி வந்துவிடும். எல்லாவற்றையும் தேய்த்து வைத்துக்கொண்டு, கடைசியில் மொத்தமாகச் சுட்டால் தப்பிக்கலாம். மேடையில் சிந்திய மாவைத் துடைப்பது தனிக் கணக்கு.

மைசூர் பாகைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. இனிப்பு செய்தால் மனசு குளிரும் என்று நம்பி இதில் இறங்குகிறவர்கள் உண்டு. சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்கு வர வேண்டும், கடலை மாவு கட்டி தட்டக் கூடாது, காய்ந்த நெய்யை ஊற்றிக்கொண்டே கை ஓயாமல் கிளற வேண்டும். பொங்கி வந்து சட்டியில் ஒட்டாமல் சுருளும்போது சட்டென்று தட்டில் கொட்டியாக வேண்டும். கொஞ்சம் முந்தினால் அல்வா, கொஞ்சம் பிந்தினால் கல். தவறினால் மீட்க வழியில்லை, போன நெய்யின் விலை வேறு உறுத்தும். மனசு நன்றாக இருக்கும் நாளில் செய்ய வேண்டிய பண்டம் இது.

என் ஓட்டு வத்தக்குழம்புக்கு. முதல் காரணம், அது நம்மை அவசரப்படுத்தாது. எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உட்கார்ந்தபடியே உரிக்கலாம். வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் சுலபமாகக் கழன்றுவிடும். இப்படிக் கை மட்டும் ஓடி, மூளை சும்மா இருக்கிற வேலை அலுவலகத்தில் கிடைக்கவே கிடைக்காது.

கவனம் கேட்கிற இடம் தாளிப்பு ஒன்றுதான். நல்லெண்ணெய் காய்ந்ததும் சுண்டைக்காய் வற்றலைப் பொரித்துத் தனியே எடுத்துவிடுங்கள். பிறகு கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. வெந்தயம் சிவக்கலாம், கருகினால் மட்டும் குழம்பே கசந்துவிடும். வெங்காயமும் பூண்டும் வதங்கி, குழம்புப் பொடியும் ஒரு புரட்டு புரண்டதும் புளிக்கரைசலை ஊற்றி, உப்புப் போட்டு, தீயைக் குறைத்தால் நம் வேலை ஏறக்குறைய முடிந்தது. அப்புறம் அது பாட்டுக்குக் கொதிக்கும். அந்த நேரத்தில் வீடு முழுக்க ஒரு வாசனை பரவுமே, அது மனசைத் தொடுவதற்கு ஒரு உடற்கூற்றுக் காரணமும் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் போகின்றன. வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கிற பகுதிகளுக்கு நேராகவே போய்விடும். கொதிக்கிற புளியும் பெருங்காயமும் பாட்டி வீட்டைக் கொண்டுவருவது சும்மா இல்லை.

தவறினாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். புளிப்பு தூக்கலாகிவிட்டதா, ஒரு துண்டு வெல்லம். தண்ணீராக இருக்கிறதா, இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்ததும் பொரித்த வற்றலைப் போட்டு இறக்கலாம். கல்சட்டியில் வைத்தவர்களுக்கு அடுப்பை அணைத்த பிறகும் சற்று நேரம் கொதிக்கிற காட்சி இலவசம். கழுவ விழுவது ஒரு சட்டி, புளி கரைத்த கிண்ணம், கரண்டி.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. பிசைவது, அடிப்பது மாதிரி உடம்பை முறிக்கிற வேலை எதுவும் இதில் இல்லை. கை துறுதுறுவென்று கோபத்தில் இருந்தால் சப்பாத்தி மாவுதான். மற்றபடி சோர்வு, கவலை, காரணம் தெரியாத எரிச்சல் எல்லாவற்றுக்கும் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். மறுநாள் அதே குழம்பு இன்னும் ஊறி ருசி கூடியிருக்கும் என்பதால், அன்றைக்குச் சாதம் மட்டும் வைத்தால் போதும்.