மூலைமட்டம் வாங்கப் போனால் டேப்போடு போங்கள்

திருநெல்வேலி டவுனில் ரதவீதியை ஒட்டிய ஓர் இரும்புச் சாமான் கடையில் போன மாதம் 24-க்கு 16 அங்குல எஃகு மூலைமட்டம் ஒன்று வாங்கினேன். மூலை சரியான செங்கோணமா என்று பார்க்கிற L வடிவத் தகடு அது. விலை ஐந்நூறு ரூபாய்க்குள். நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கதவு நிலையும் ஜன்னலும் செய்கிறவன். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு அப்பாவின் பட்டறைக்கே திரும்பியதால் பேச்சில் கணக்கும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகடு நல்ல கனம். மேசைமேல் படுக்கப்போட்டால் ஆடவில்லை. அங்குலக் கோடுகளை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. மில்லிமீட்டர் பக்கம் வெறும் அச்சு, இப்போதே மங்குகிறது.

ஆனால் மூலைமட்டத்துக்கு மூலைதான் உயிர். கடையிலேயே சோதித்தேன். வெளிமூலையிலிருந்து குட்டைக் கையில் 12 அங்குலம், நெட்டைக் கையில் 16 அங்குலம். இரண்டு புள்ளிக்கும் குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 20 காட்ட வேண்டும். முதலில் கொடுத்தது ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடக் காட்டியது. அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

"தம்பி, வாங்க வந்தீயளா, பரீட்சை வைக்க வந்தீயளா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. ஆனாலும் முகம் சுளிக்காமல் அடுக்கையே எடுத்து முன்னால் வைத்தார். அதற்காகவே அந்தக் கடைக்கு இன்னொரு தடவை போகலாம்.

அந்தக் குறுக்களவுக்குப் பள்ளிப் புத்தகத்தில் பெயர் கர்ணம். வடமொழியில் கர்ணம் என்றால் காது. மற்ற இரண்டு பக்கங்கள் புஜம், கோடி. ஒன்று கை, மற்றது வில்லின் நுனி. கி.பி. 499-ஐ ஒட்டிய ஆரியபட்டீயத்தில் புஜ வர்க்கமும் கோடி வர்க்கமும் சேர்ந்தால் கர்ண வர்க்கம் என்று இருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு முந்திய பௌதாயன சுல்ப சூத்திரத்தில் இதே அளவு 'அக்ஷ்ணயா ரஜ்ஜு', அதாவது குறுக்குக் கயிறு. வேள்வி மேடைக்கு மூலை பிடிக்கக் கயிறு இழுத்தவர்களின் பேச்சு அது. கிரேக்கர்களின் 'ஹைப்பாட்டினியூஸ்' என்பதற்கும் செங்கோணத்துக்கு எதிரே இழுத்து நிற்பது என்றுதான் பொருள். நூல் பிடித்து வேலை செய்கிற எனக்குக் காதைவிடக் கயிறுதான் ஒட்டுகிறது. (எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கர்ணம் என்றால் 1980-இல் ஒழிந்த கிராமக் கணக்கரைத்தான் நினைப்பார்கள். அது 'கரணம்' வழி வந்த வேறு சொல்.)

வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற ஒரு பழைய பாட்டு உண்டு. நீளத்தை எட்டாகப் பகுத்து ஒரு பங்கைத் தள்ளு, மீதியோடு அகலத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும் என்கிறது. 16-க்கும் 12-க்கும் போட்டால் 14-உம் 6-உம் சேர்ந்து 20, அச்சு பிசகாது. ஓரடிச் சதுரச் சட்டத்துக்குப் போடுங்கள்: 16½ அங்குலம் வரும். உண்மையில் 17-ஐத் தொட வேண்டும். கிட்டத்தட்ட நாலு நூல் பிசகு! வர்க்கமூலமே வேண்டாம் என்று புல்லரிக்கிறவர்கள் அந்தச் சட்டத்தில் கண்ணாடி மாட்டிப் பார்க்கட்டும்.

டேப் இல்லாவிட்டாலும் மூலையைப் பார்க்கலாம். நேர் விளிம்புள்ள பலகையில் மட்டத்தை அணைத்து ஒரு கோடு போடுங்கள். அப்புறம் மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விலகினால், தெரியும் இடைவெளியில் பாதிதான் மட்டத்தின் பிசகு.

உறை தரவில்லை. மழைக்காலத்தில் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்காவிட்டால் விளிம்பில் துரு ஏறும். நிலை, ஜன்னல் வேலைக்குத் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்ட மூலை பிடிக்க இது சின்னது, அதற்கு 3, 4, 5 அடி என்று நூல் இழுப்பதே மேல்.