ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: பிளாக்டு அக்கவுண்டும் அங்கே திறக்கிற கணக்கும்

ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்பவர் ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992. அதைப் போட்டு வைக்கிற, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கவிடுகிற கணக்குக்கு ஜெர்மன் பெயர் ஷ்பெர்கோன்டோ. நம்மவர்களுக்கு பிளாக்டு அக்கவுண்ட். இதைத் திறந்து தரும் நிறுவனங்களில் ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ, கோரக்கிள் ஆகியவை அடிக்கடி அடிபடும் பெயர்கள். எதில் திறப்பது என்று பேச ஆரம்பித்தால், எந்தக் கூப்பனுக்கு இருபது யூரோ குறையும் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்காக அலைய வேண்டியதில்லை. காசு கரைவது இந்திய வங்கி போடுகிற மாற்று விகிதத்தில். வேலை முடங்குவது பெயர்ப் பொருத்தத்திலும், ஜெர்மனியில் இறங்கிய முதல் சில வாரங்களிலும். இந்த மூன்றையும் வைத்துத்தான் சேவையை எடைபோட வேண்டும்.

முதலில் கட்டணம். தொடக்கக் கட்டணம் ஐம்பதிலிருந்து நூறு யூரோவுக்குள் இருக்கும். பலர் அதற்கு மேல் மாதம் ஐந்து யூரோ அளவில் வாங்குகிறார்கள். சிலர் மாதக் கட்டணமே இல்லாமல் தொடக்கத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒப்பிடும்போது தொடக்கக் கட்டணத்தையும் பன்னிரண்டு மாதக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் சில பத்து யூரோதான் வித்தியாசம் வரும். டாய்ச்ச பேங்க் இந்தச் சேவையைக் கைவிட்டுவிட்டது. இன்னும் அந்த வங்கியின் படிவத்தைத் தூதரகத்தில் சான்றொப்பமிட்டு அனுப்பச் சொல்கிற வழிகாட்டி எதையாவது பார்த்தால், அது பழசு என்று தள்ளிவிடலாம்.

கணக்கு திறப்பது சுலபம். இணையத்தில் பதிவு செய்து பாஸ்போர்ட்டைப் பதிவேற்றினால் போதும். சில இடங்களில் சேர்க்கைக் கடிதமும் கேட்பார்கள். சில நாட்களில் பணம் அனுப்ப வேண்டிய வங்கி விவரம் வந்துவிடும். அந்தத் தாளில் கவனமாகப் பார்க்க வேண்டியது, பணம் பெறுபவர் பெயர் யாருடையது என்பது. சில சேவைகளில் கணக்கு மாணவர் பெயரிலேயே ஒரு வங்கியில் இருக்கும். ஃபின்டிபாவுக்கு அது ஹாம்பர்க்கில் உள்ள சுடோர் பேங்க். வேறு சிலவற்றில் பணம் நிறுவனத்தின் பொதுக் கணக்குக்குப் போகும். அது யாருடைய பணம் என்று அடையாளம் காட்டுவது குறிப்பு எண் ஒன்று மட்டும்தான். இங்கே கிளையில் தட்டச்சு செய்பவர் குறிப்புக் கட்டத்தில் அந்த எண்ணை விட்டுவிட்டு ‘எஜுகேஷன்’ என்று மட்டும் போட்டுவிட்டால், பணம் போய்ச் சேர்ந்த பிறகும் யார் பெயரிலும் ஏறாமல் கிடக்கும். பணம் அனுப்பிய அன்றே கிளையில் ஸ்விஃப்ட் நகல், அதாவது வங்கிகளுக்கிடையே பணம் போனதற்கான செய்தியின் நகல், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எம்.டி.103 என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு பக்கத்தை நிறுவனத்துக்கு அனுப்பினால்தான் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

பணம் அனுப்புவதில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11,904 யூரோ கிட்டத்தட்ட 11.9 லட்சம். வங்கி யூரோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூட்டிப் போட்டால் போதும், 11,904 ரூபாய் போச்சு. கூப்பனில் மிச்சம் பிடித்ததைப் போல ஐந்தாறு மடங்கு. கிளையில் ‘சார்ஜஸ் ஆயிரம் ரூபாய்தான்’ என்பார்கள். அது அனுப்பும் கட்டணம் மட்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இன்று 11,904 யூரோ போய்ச் சேர என் கணக்கிலிருந்து எல்லாம் சேர்த்து எவ்வளவு ரூபாய் எடுப்பீர்கள்?’ இதே கேள்வியை இரண்டு வங்கியிலும் ஓர் அந்நியச் செலாவணி நிறுவனத்திலும் ஒரே நாளில் கேட்டு, மூன்று தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரம் பேசலாம், விகிதத்தைக் குறைக்கக் கிளை மேலாளருக்கு வழி உண்டு.

நாணய மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் போகும்போது வரி போடும் மதிப்பு 5,500 ரூபாயும், பத்து லட்சத்தைத் தாண்டிய தொகையில் 0.1 சதவீதமும். 12 லட்சத்துக்கு அது 5,700. அதில் 18 சதவீதம் என்றால் 1,026 ரூபாய். டி.சி.எஸ்., அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, வேறு விஷயம். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணில் பத்து லட்சம் வரை பிடித்தம் இல்லை. தாண்டுகிற பகுதிக்கு மட்டும்தான். வங்கியில் எடுத்த கல்விக் கடனிலிருந்து போகிற பணத்துக்கு டி.சி.எஸ். கிடையாது. சொந்தப் பணம் என்றால், அதே ஆண்டில் அதே பான் எண்ணில் முன்பே பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் அனுப்பியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். அப்பா ஒரு பகுதி, அம்மா ஒரு பகுதி என்று இரண்டு பான் எண்ணில் அனுப்பலாம். அனுப்பும் கட்டணம் இரண்டு முறை ஆகும், அவ்வளவுதான். பிடித்தாலும் அது வருமான வரித் தாக்கலில் திரும்பக் கேட்கக்கூடிய பணம். தாக்கல் செய்யும் பழக்கமே இல்லாத வீட்டில்தான் அது நிரந்தர இழப்பாகிவிடுகிறது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்புகிற ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0305, வெளிநாட்டுக் கல்விக்கானது. கட்டணம் யார் தலையில் என்ற இடத்தில் ஓ.யு.ஆர். (எல்லாம் அனுப்புகிறவர் தலையில்) என்று குறிக்கச் சொல்லுங்கள். எஸ்.எச்.ஏ. (இருவரும் பகிர்வது) என்று போட்டால் இடையில் உள்ள வங்கி பதினைந்து இருபது யூரோ வெட்டிக்கொள்ளும்; போய்ச் சேர்வது 11,904க்குக் கீழே இறங்கிவிடும். பத்து யூரோ குறைந்தாலும் முடக்கச் சான்று, அதாவது முழுத் தொகையும் கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது என்ற சான்று, வராது. அந்தப் பத்து யூரோவை அனுப்ப மறுபடி முழு அனுப்பும் கட்டணம். எதற்கும் நிறுவனம் கேட்கும் மொத்தத் தொகைக்கு மேல் ஐம்பது யூரோ சேர்த்தே அனுப்புங்கள். பணம் சேர்ந்ததும் முடக்கச் சான்று பி.டி.எஃப். ஆக வரும், விசா விண்ணப்பத்தில் வைக்க வேண்டியது அதுதான்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை: பெயர். வங்கிப் புத்தகத்தில் எம். கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் முருகேசன் முழுவதும் முதற்பெயர்க் கட்டத்தில், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஜெர்மன் படிவம் எதுவும் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு படிவத்தில் முருகேசன், அடுத்ததில் கார்த்திக், மூன்றாவதில் வெறும் கோடு என்று நிரப்பினால் மூன்று வெவ்வேறு ஆள் ஆகிவிடுகிறோம். முன்பு வங்கிகள் ஐபான் என்கிற சர்வதேசக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தை ஏற்றிவிடும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் பணம் அனுப்புமுன் ஐபானும் பெயரும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கை வரும், மாதத் தொகை தாமதமாகலாம். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கீழே இருக்கிற இரண்டு வரி எந்திர எழுத்தில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ, அதையே பிளாக்டு அக்கவுண்ட், விசா, முகவரிப் பதிவு, ஜெர்மன் வங்கி எல்லாவற்றிலும் வையுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு எடுப்பதே நல்லது. பிறகு ஆண்டுக்கணக்கில் அலைச்சல் மிச்சம்.

பிளாக்டு அக்கவுண்டிலிருந்து நேராகக் கடையில் செலவு செய்ய முடியாது. அது மாதம் ஒருமுறை 992 யூரோ விடுகிற குழாய்; கீழே பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரம்தான் ஜிரோகோன்டோ என்கிற சாதாரண நடப்புக் கணக்கு. குழாயைத் திறக்க விசா, முகவரிப் பதிவுச் சான்று, ஜிரோகோன்டோவின் ஐபான் போன்றவற்றைப் பதிவேற்ற வேண்டும். அங்கேதான் சங்கிலி இழுக்கிறது. வங்கி முகவரிச் சான்று கேட்கும். அந்தச் சான்றைத் தருவது புர்கர்அம்ட் என்கிற நகர அலுவலகம். பெரிய நகரங்களில் அங்கே நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். அலுவலகத்துக்கோ வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிக் கடிதம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தற்காலிக விடுதியில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் கடிதம் கிடைக்காமல் போவது சகஜம். முன்பதிவு செய்யும்போதே ‘அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்யலாமா’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே முதல் மாதத் தொகை இறங்கிய வாரமே வரும் என்று நம்பி விமானம் ஏறக் கூடாது. வீட்டு முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகை வரை கேட்கலாம், அதற்கு மேல் முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம். இரண்டு மாதச் செலவுக்குத் தனிப்பணம் வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டில் பெரும்பகுதி, நோட்டாகக் கொஞ்சம். இந்தியாவிலிருந்து நோட்டாகக் கொண்டுபோக 3,000 டாலர் மதிப்பு வரைதான் பொதுவான வரம்பு. ஃபாரெக்ஸ் கார்டிலிருந்து வீட்டுக்காரருக்கு வங்கிப் பரிமாற்றம் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜிரோகோன்டோ எங்கே திறப்பது? அவசரத்துக்கு என்26 என்கிற செல்பேசி வங்கி. மாதக் கட்டணம் இல்லாத கணக்கு உண்டு, எல்லாம் செல்பேசியில், ஐபான் ஜெர்மனியைக் குறிக்கும் டி.இ. என்று தொடங்கும். குறை என்னவென்றால் ஜெர்மனியின் உள்நாட்டு டெபிட் கார்டான ஜிரோகார்டு இல்லை, மாஸ்டர்கார்டு டெபிட் மட்டும். சின்ன ரொட்டிக் கடையிலும் சில அரசு அலுவலகக் கட்டண எந்திரத்திலும் ஜிரோகார்டு அல்லது ரொக்கம் மட்டுமே செல்லும். வீடியோ அடையாளச் சரிபார்ப்பில் வெளிச்சம் பட்டுப் பாஸ்போர்ட் மின்னினாலோ, இணையம் அறுந்தாலோ நிராகரிப்பு வரும். வெள்ளைச் சுவர் முன்னால், பகல் வெளிச்சத்தில், பாஸ்போர்ட்டை உறையிலிருந்து கழற்றிக் காட்டுங்கள். வீடியோவில் ஒத்துவரவில்லை என்றால், பல வங்கிகள் தருகிற போஸ்ட் ஐடென்ட் வழியில் தபால் கிளைக்கு நேரில் போய்ச் செய்யலாம்.

ஊர்ச் சேமிப்பு வங்கியான ஸ்பார்க்காஸ நிதானமானது, ஆனால் நிலையானது. ஒவ்வோர் ஊர் ஸ்பார்க்காஸவும் தனி நிறுவனம்; மாணவருக்கு இலவசமா, எந்த வயது வரை இலவசம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். நேரில் ஆள் இருப்பார். பெயர்ச் சிக்கலை உட்கார்ந்து தீர்த்துவிடலாம். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு இதுவே நம் பரிந்துரை. பாஸ்போர்ட், முகவரிச் சான்று, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று கொண்டுபோங்கள். ஜெர்மன் வரி அடையாள எண் முகவரிப் பதிவுக்குப் பின் தபாலில் வரும், பதினோரு இலக்கம். அதைப் பிறகு தரலாம். இந்தியாவில் வரி எண் உண்டா என்ற கேள்விக்கு பான் எண்ணை எழுதுங்கள், காலியாக விட வேண்டாம்.

எந்த வங்கியும் கணக்குத் தர மறுத்தால் பாசிஸ்கோன்டோ என்ற அடிப்படைக் கணக்கைக் கேளுங்கள். 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அது உரிமை. விண்ணப்பம் கிடைத்துப் பத்து வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் பாஃபின் என்கிற நிதி மேற்பார்வை அமைப்பிடம் போகலாம். மாதக் கட்டணம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் வாடகை கட்ட வழி பிறக்கும்.

கார்டு ஒரு கடிதத்திலும் ரகசிய எண் வேறொரு கடிதத்திலும் வரும். அடுக்குமாடியில் தபால்காரர் ஃபிளாட் எண்ணைப் பார்ப்பதில்லை, தபால் பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி மறுபடி அனுப்ப இன்னொரு வாரம். பகிர்ந்த வீட்டில் இறங்கிய அன்றே, வங்கியில் கொடுத்த அதே எழுத்தில் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். ‘கார்த்திக் எம்.’ என்று சுருக்கினால் வராது.

கணக்கு நடக்கத் தொடங்கியதும் வாடகை மாதத்தின் மூன்றாம் வேலை நாளுக்குள் போக வேண்டும். மாணவருக்கான அரசு மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவைத் தாண்டும். அது லாஸ்ட்ஷ்ரிஃப்ட் முறையில் தானாக எடுக்கப்படும். தவறாக எடுத்த தொகையை எட்டு வாரத்துக்குள் வங்கிச் செயலியிலேயே திரும்பப் பெறலாம். அனுமதியே தராமல் எடுத்திருந்தால் பதின்மூன்று மாதம் வரை. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் அபராதம் வரும். வைஸ் போன்ற இணையப் பணச் சேவை தருகிற, வேறு ஐரோப்பிய நாட்டு ஐபான் வைத்திருப்பவரிடம் ‘ஜெர்மன் ஐபான்தான் வேண்டும்’ என்று சொல்வது ஐரோப்பிய விதி 260/2012க்கு எதிரானது. ஆனாலும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், டி.இ. ஐபான் ஒன்று இருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிளாக்டு அக்கவுண்டோடு சேர்த்து விற்கிற காப்பீட்டுத் தொகுப்பு பற்றி ஒரு வார்த்தை. அரசுக் காப்பீடாக இருந்தால் எடுக்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் சில யூரோதான் வேறுபாடு. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர் மலிவு என்று அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கித் தனியார் காப்பீட்டுக்குப் போனால், அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பி வர முடியாது. இதைக் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் வருகிற நாளின் விகிதத்தில்தான் ரூபாயாக மாறும். அனுப்பியபோது வங்கி வாங்கிய லாபத்தை வரும்போதும் ஒருமுறை வாங்கும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், மறுப்பு வந்தால் தொடக்கக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா, பணம் வர எத்தனை வேலை நாள் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாக வருகிறது என்பது, செப்டம்பர் அக்டோபர் நெரிசலில் குழாயைத் திறக்கச் சொல்லி எழுதும்போது எப்படி நடந்துகொள்வார்கள் என்பதையும் காட்டிவிடும். இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். இங்குள்ள வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.