பேஜ் ஊர் கவுண்டரில் செல்லாத டிக்கெட்: ஆன்டலோப் கேன்யன் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லாஸ் வேகஸில் இறங்கி, காரை எடுத்துக்கொண்டு யூட்டா, அரிசோனா மாநிலங்களின் சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குகளான சையான், பிரைஸ், ஆன்டலோப், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று போய்வரத் திட்டமிடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். முக்கியமாக, ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் நேரத்தில், யாராவது எல்லாவற்றையும் பேக்கேஜாக ஏற்பாடு செய்து தந்தால் நிம்மதி என்று நினைக்கிற குடும்பங்கள். 2025 செப்டம்பர் தொடக்கத்தில், லேபர் டே விடுமுறையில், சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் எங்களை ஏமாற்றினார். பணம் போனது ஒரு பக்கம். அவர் எழுதித் தந்த பாதையில் அப்படியே வண்டியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கார்டு வங்கியிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும். கலிஃபோர்னியாவில், பே ஏரியா பக்கம், இந்தியக் குடும்பங்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்து தருகிறவர். ஒரு வாட்ஸ்அப் குழு வழியாக வந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார், மரியாதையாகப் பேசுவார். "அண்ணா, நீங்க வேகஸ்ல இறங்கினா போதும், மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்றார். என் மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, படி ஏறுவது சிரமம் என்பதை முதல் பேச்சிலேயே சொன்னேன். "அம்மாவுக்கு ஏத்த மாதிரியே போடறேன்" என்றார். வேன், ஹோட்டல்கள், எல்லா இடங்களுக்கும் நுழைவு என்று ஒரே தொகை. பாதி கார்டில், பாதி வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக. ஜூன் மாதமே முழுப் பணமும் வேண்டும் என்றார், இல்லையென்றால் ஆன்டலோப் டிக்கெட் கிடைக்காதாம்.

சையானில் எல்லாம் நன்றாகவே போனது. பள்ளத்தாக்குக்குள் ஓடும் ஷட்டில் பஸ் இலவசம், மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து பாறைகளை அண்ணாந்து பார்த்தபடியே வந்தார். ஊரிலிருந்து கிளம்புமுன் அந்த ஏற்பாட்டாளர், சையானில் உள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் மலைப்பாதைக்கு "பாஸ்" வாங்கித் தருகிறேன், தலைக்கு இவ்வளவு என்று கேட்டிருந்தார், நாங்கள் வேண்டாம் என்றோம். 2022 ஏப்ரலிலிருந்து அந்தப் பாதைக்கு தேசியப் பூங்காத் துறை நடத்தும் குலுக்கலில்தான் அனுமதி. இடையில் யாரும் வாங்கி விற்க முடியாது. அப்போது எனக்கு அது தெரியாது.

பிரைஸிலிருந்து, ஆன்டலோப் கேன்யனுக்குப் பக்கத்தில் அரிசோனாவில் இருக்கும் பேஜ் ஊருக்குப் போகும் நாள் வந்தது. ஏற்பாட்டாளர் தந்த தாளில் இப்படி இருந்தது: "பிரைஸ் – பேஜ், காட்டன்வுட் கேன்யன் ரோடு வழி, 2 மணி நேரம், சீனரி சூப்பர்." வரைபடத்தில் பார்த்தால் நேர்க்கோடு மாதிரி அழகாகத்தான் தெரியும். பிரைஸ் பார்வையாளர் மையத்தில், வழியில் பெட்ரோல் எங்கே போடலாம் என்று ரேஞ்சரிடம் (பூங்கா அலுவலரிடம்) கேட்கப் போனேன். என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, யார் உங்களை இந்த வழியில் போகச் சொன்னது என்று கேட்டார்.

அது தார் ரோடே இல்லை. கிராண்ட் ஸ்டேர்கேஸ் எஸ்கலான்டே பகுதிக்குள் சுமார் 46 மைல் மண் பாதை. காய்ந்திருந்தால் உயரமான வண்டிகள் போகும். மழை பெய்தால் அந்தக் களிமண் சோப்பு தடவிய தரை மாதிரி ஆகிவிடும், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியே வழுக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிடும் என்றார் ரேஞ்சர். முந்தைய நாள் மாலை அங்கே மழை. வழி நெடுக வீடு கிடையாது, பெரும்பாலும் செல்போன் சிக்னலும் கிடையாது. வண்டியில் மாமனார், மாமியார், மனைவி, என் மகள். அப்புறம் ரென்டல் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன்: தார் போடாத சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அமெரிக்காவில் வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அப்படித்தான். நாங்கள் கனாப் வழியாக 89ஆம் நெடுஞ்சாலையில் போனோம். சுமார் 150 மைல், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல தார் ரோடு.

ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்தப் பக்கம் பருவமழைக் காலம். பாலைவனம்தானே, மழை என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். பாறையிலும் காய்ந்த மண்ணிலும் தண்ணீர் இறங்காது, அப்படியே திரண்டு ஓடிவரும். 2015 செப்டம்பரில் சையானின் கீஹோல் கேன்யனில் திடீர் வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். ஆன்டலோப் கேன்யனுக்கு மேல், கீழ் என்று இரண்டு பகுதிகள்; 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர். அந்த மழை பெய்தது பள்ளத்தாக்கின் மேல் அல்ல, பல மைல் தள்ளி. இந்தப் பகுதிக்குப் பயணத் திட்டம் போட்டுக் காசு வாங்குகிறவர் இதையெல்லாம் அறியாமல் இருக்கக் கூடாது. அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் கவலைப்படவில்லையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆன்டலோப் கேன்யன். எங்களிடம் இருந்தது ஒரு பிடிஎஃப். மேலே அவருடைய நிறுவன லோகோ, கீழே "ஆன்டலோப் கேன்யன் என்ட்ரி, 5 நபர், 11 மணி", ஒரு எண். எந்த டூர் கம்பெனி என்று கேட்டதற்கு, பேஜில் இறங்கியதும் ஒரு முகவரி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார், அனுப்பினார். அந்தக் கவுண்டரில் இருந்த, நவஹோ பழங்குடியைச் சேர்ந்த பெண்மணி எங்கள் பெயரைத் தேடினார். இல்லை. அந்த எண்ணைத் தேடினார். அது அவர்களுடைய எண்ணே இல்லை. பக்கத்துக் கம்பெனிகளுக்கும் போன் போட்டுக் கேட்டுப் பார்த்தார், அங்கேயும் இல்லை. இதே மாதிரித் தாளோடு குடும்பங்கள் முன்பும் வந்திருக்கிறார்கள் என்றும், திருப்பி அனுப்பத் தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவருக்கு எங்கள் மேல் இருந்த அக்கறையில் ஒரு பங்குகூட எங்களிடம் பணம் வாங்கியவரிடம் இல்லை.

அந்தப் பெண்மணி விளக்கிச் சொன்னதைத்தான் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்டலோப் கேன்யன் தேசியப் பூங்கா கிடையாது. அது நவஹோ மக்களின் நிலம், 1997 முதல் அவர்களுடைய பழங்குடிப் பூங்கா. அங்கே "என்ட்ரி டிக்கெட்" என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை. நவஹோ நேஷனிடம் (அந்த மக்களின் சொந்த அரசிடம்) உரிமம் பெற்ற டூர் கம்பெனி ஒன்றின் வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். அந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விடுமுறை நாட்களில் இடங்கள் வெகு முன்பே நிரம்பிவிடும்.

எங்களிடம் பணம் வாங்கியவருக்குப் போன் போட்டேன். மூன்றாவது அழைப்பில் எடுத்தார். "அண்ணா, சிஸ்டம் பிராப்ளம். லோயர் ஆன்டலோப்ல சொல்லி வாங்கித் தரேன், அதுவும் சூப்பராத்தான் இருக்கும்" என்றார். கீழ் ஆன்டலோப் என்றால் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கி ஏற வேண்டிய இடம். முழங்கால் விஷயத்தை முதல் நாளே சொன்ன மனிதரிடம் இதைச் சொல்கிறார். மாமி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்லை மாப்பிள்ளை, விடுங்க, வெளியிலேயே நின்னு பாக்கலாம்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். வெளியில் நின்று பார்க்க அங்கே எதுவுமில்லை, எல்லா அழகும் பாறைக்குள் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து வருமுன்பே அந்தச் சிவப்புப் பாறை வளைவுகளைப் பேத்தி போனில் காட்டியிருந்தாள், அதைப் பார்க்க ஆசைப்பட்டவர் அவர்தான். கவுண்டர் பெண்மணி காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிக்கொண்டார். மாலையில் மேல் ஆன்டலோப்பில் இரண்டு இடம் காலியானது, மாமாவும் மாமியும் போய்வந்தார்கள். அதற்கு நாங்கள் மறுபடியும் முழுப் பணம் கட்டினோம். மேல் ஆன்டலோப்பில் உள்ளே தரை பெரும்பாலும் சமமான மணல். வெளியே வரும் வழியில் படிகள் உண்டு, வழிகாட்டிப் பையன் மாமியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான்.

பேஜ் பக்கத்தில் ஆறு குதிரை லாடம் மாதிரி வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்கும் அந்த ஏற்பாட்டாளர் தலைக்கு இவ்வளவு என்று "என்ட்ரி" போட்டிருந்தார். அங்கே போனால், வண்டிக்கு 10 டாலர் பார்க்கிங் கட்டணம், பேஜ் நகராட்சி வாசலில் வாங்குகிறது. ஆள் கணக்கே கிடையாது. தேசியப் பூங்கா பாஸும் அங்கே செல்லாது.

இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டென்றால், ஒவ்வொரு இடத்துக்கும் "இது யாருடைய நிலம்" என்று முதலில் கேட்க வேண்டும். சையான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் தென் விளிம்பு ஆகியவை தேசியப் பூங்காத் துறையுடையவை. கட்டணத்தை அவர்களிடமே கட்டலாம் (2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம், பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்). ஆன்டலோப்பும் மானுமென்ட் வேலியும் நவஹோ நிலம். தி வேவ் என்ற அலைப் பாறை மத்திய நில மேலாண்மைத் துறையுடையது. அங்கே ஒரு நாளைக்கு 64 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கலில், கைமாற்றவும் முடியாது. அதற்கும் "பர்மிட் வாங்கித் தருகிறேன்" என்று எங்கள் நண்பர் ஒருவரிடம் இவர் முன்பணம் கேட்டிருக்கிறார். நிலத்தின் சொந்தக்காரரிடமோ அவர்கள் உரிமம் கொடுத்தவரிடமோ நேரே கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

கடைசி நாள் கதையும் இதேதான். "கிராண்ட் கேன்யன் சூரிய உதயம், மதியம் கண்ணாடிப் பாலம்" என்று எழுதியிருந்தார். சூரிய உதயம் தென் விளிம்பில். கண்ணாடிப் பாலம் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்ட்டில், ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலத்தில், தேசியப் பூங்காவுக்கு வெளியே. இரண்டுக்கும் நடுவே காரில் சுமார் நான்கு மணி நேரம். டிக்கெட்டும் தனி. எங்கள் பெயரில் அங்கே எதுவும் வாங்கப்படவில்லை என்பதை முந்தின இரவே போன் செய்து தெரிந்துகொண்டோம். தென் விளிம்பிலேயே நிதானமாக இருந்துவிட்டு வேகஸ் திரும்பினோம்.

நேரக் கணக்கையும் பாருங்கள். கோடையில் யூட்டா, அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நவஹோ நேஷனும் யூட்டாவைப் போலக் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கிறது, ஆனால் பேஜ் ஊரும் ஆன்டலோப் டூர்களும் அரிசோனா நேரப்படிதான். எல்லைப் பக்கம் போன் தானாக நேரத்தை மாற்றி மாற்றிக் காட்டும். எங்கள் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, பணம். அமெரிக்கச் சட்டப்படி, வாக்களித்த சேவை தரப்படவில்லை என்று கிரெடிட் கார்டு கட்டணத்தை எதிர்த்து எழுத, அந்தக் கட்டணம் வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள். ஜூனில் முழுப் பணமும் வாங்கிக்கொண்டு செப்டம்பரில் பயணம் வைத்தால் அந்த 60 நாள் முன்பே முடிந்துவிடக்கூடும். இருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகளில், சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ள வழி உண்டு. வங்கியில் அதைச் சொல்லியே கேட்டோம். டூர் கம்பெனியிடமிருந்து "இந்தப் பெயரில் முன்பதிவு இல்லை" என்று ஒரு மின்னஞ்சல் வாங்கிக் கொடுத்தோம், அவர்கள் தயங்காமல் தந்தார்கள். கார்டில் கட்டிய பாதி திரும்பி வந்துவிட்டது. நேரடியாக அனுப்பிய பாதி வரவில்லை. நாங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது.

கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் பயணம் விற்கிறவர் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்தப் பதிவு எண்ணை விளம்பரத்தில் போட்டாக வேண்டும், அட்டர்னி ஜெனரல் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். இவர் பெயரில் அங்கே எதுவும் கிடைக்கவில்லை. புகாரில் அதையும் எழுதியிருக்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம், அதே ஆள் வசந்த விடுமுறைக்கு மறுபடியும் பேக்கேஜ் விற்கிறார். குழுவில் வந்த தாளை ஒரு நண்பர் எனக்கு அனுப்பினார்: வரிக்கு வரி அதேதான், காட்டன்வுட் கேன்யன் ரோடு உட்பட. அப்படி ஒரு தாள் உங்கள் கையில் இருந்தால், ஆன்டலோப் டூர் கம்பெனியின் பெயரை இன்றே கேட்டு வாங்குங்கள். அவர்களை நேரே அழைத்து, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் தர மறுத்தாலோ, பேஜில் இறங்கியதும் சொல்கிறேன் என்றாலோ, அன்றைக்கே கார்டு வங்கிக்குப் போன் செய்யுங்கள்.