பம்பலப்பிட்டிப் பழம்பொருள் கடையின் கண்ணாடி அலுமாரி

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள இந்தப் பழம்பொருள் கடைக்குத் தேக்குத் தளபாடங்களையும் பித்தளை விளக்குகளையும் தேடி வருபவர்களே அதிகம். கலைக்கண்ணாடியில் ஈடுபாடுள்ளவர்கள் நேரே உட்சுவரோரம் நிற்கும் அலுமாரிக்குப் போகலாம். பூச்சாடிகளும் கிண்ணங்களும் விளக்கு மூடிகளுமாக அது நிறைந்திருக்கிறது. ஆனால் உண்மையிலேயே பழையவற்றையும் பிற்கால நகல்களையும் பிரிக்காமல், எல்லாவற்றிலும் ‘பழையது’ என்றே சீட்டு ஒட்டியிருப்பது கடையின் பெருங்குறை.

‘கலே’ என்று கையொப்பமிட்ட செம்பழுப்புப் பூச்சாடி ஒன்று இதற்குப் போதிய சான்று. பிரான்சின் நான்சி நகரைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர் எமில் கலே 1904இல் காலமானார். அவரது தொழிலகம் அதன் பின்னரும் இயங்கியது, அவர் மறைவை ஒட்டிய ஆண்டுகளில் செய்தவற்றில் பெயருடன் ஒரு நட்சத்திரம் காணப்படும். பிற்காலத்தில் ருமேனியாவில் அதே பாணியில் செய்த சாடிகளில், இன்னாரின் பாணி என்று பொருள்படும் ‘டிப்’ என்ற சொல்லையும் பெயரோடு சேர்த்துப் பொறித்தார்கள். செய்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. கைமாறும் வழியில்தான் யாராவது அந்தச் சொல்லை மட்டும் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். கடையிலிருந்த சாடியை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, பெயருக்குப் பக்கத்தில் விரல்நுனியளவு இடம் மட்டும் சுற்றியிருந்த மங்கலான பரப்போடு ஒட்டாமல் வழுவழுவென்று மின்னியது. நல்ல பழைய வேலைப்பாட்டில், அமிலத்தால் பலமுறை அரித்தெடுத்த நிற அடுக்குகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல இறங்கும். இதிலோ இலைகள் கத்தரித்து ஒட்டிய காகிதம் போல ஒரே தடிப்பில் நின்றன.

கையொப்பத்தை எவரும் பொறித்துவிடலாம் என்பதால், அடிப்பாகத்தைப் பார்ப்பதே நல்லது. பல காலம் மேசையிலும் தட்டிலும் இருந்த பொருளில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் நுண்ணிய கீறல்கள் பல திசைகளிலும் ஓடும். அவை ஒரே திசையில் வரிசையாக இருந்தாலோ, தரையில் படாத உட்குழிவிலும் இருந்தாலோ மண்தாளின் வேலையாக இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இந்தக் கடையில் அதைச் சோதிக்கத் தடையில்லை. “எடுத்துப் பாருங்க தம்பி, உடைச்சா மட்டும்தான் காசு” என்று கடைக்காரரே சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிடுகிறார். தொட்டாலே முகம் சுளிக்கும் கடைகளுக்கு நடுவில் இது பெரிய விடயம்.

நாணயத்தாள் பார்க்கும் ஊதா விளக்கை மஞ்சட்பச்சைக் கிண்ணத்தின்மேல் அடித்து, அது பச்சையாக ஒளிர்வதைப் பழமைக்குச் சான்றாக அவர் காட்டுவதை மட்டும் ஏற்பதற்கில்லை. கண்ணாடியில் யுரேனியம் கலந்திருப்பதையே அந்த ஒளி காட்டுகிறது. அத்தகைய கண்ணாடி அண்மைக் காலத்திலும் செய்யப்பட்டிருக்கிறது.

அலுமாரியில் வாங்கத் தக்கது, கீழ்த்தட்டில் தூசி படிந்திருக்கும் செம்மஞ்சள் கார்னிவல் கிண்ணம். கார்னிவல் என்பது மேற்பரப்பில் வானவில் நிறங்கள் மினுங்கும் அச்சுக் கண்ணாடி. அமெரிக்காவின் ஃபென்டன் நிறுவனம் 1907இல் சந்தைக்குக் கொண்டுவந்த வகை அது. 1970இல் அதே நிறுவனம் அதை மீண்டும் செய்யத் தொடங்கியபோது நீள்வட்டத்துக்குள் தன் பெயரைப் பதித்தது. இந்தக் கிண்ணத்தில் அந்த முத்திரை இல்லை, அடிவிளிம்புத் தேய்வும் இயல்பாக இருக்கிறது. வேறு நிறுவனங்களும் இவ்வகையைச் செய்ததால், யார் செய்தது என்று இவற்றை வைத்து உறுதிசெய்ய முடியாது.

விலையில் பேரம் பேச இடமுண்டு. பற்றுச்சீட்டில் ‘கண்ணாடிச் சாமான்’ என்று மட்டுமே எழுதுகிறார். காலத்தையும் நாட்டையும் குறித்துத் தரும்படி கேட்டால், விலையை இன்னும் குறைக்க முன்வருகிறாரே தவிர எழுதித் தருவதில்லை.