காரைக்குடியில் அம்பாசடர் ஹெட் வேலை: வால்வு சீட் வெட்டத் தெரிந்த பட்டறை

செட்டிநாட்டுப் பக்கம் பழைய பெட்ரோல் அம்பாசடரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி கழனிவாசல் பக்கம் உள்ள ஒரு சின்ன லேத் பட்டறையில் எங்கள் 1489 சிசி வண்டியின் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பாகம்) கொடுத்தேன். வேலை அருமை, நம்பிக் கொடுக்கலாம்.

வண்டி மேட்டில் இழுக்கவில்லை, ஸ்லோவில் (ஐடிலிங்கில்) உதறியது, டேப்பட் கேப்பை (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி) எத்தனை தடவை சரிபண்ணினாலும் கொஞ்ச நாளில் மறுபடி குறைந்துவிடும். முன்பு பார்த்த மெக்கானிக் வால்வில் பேஸ்ட் தடவிக் கையால் உரசி மாட்டிக் கொடுத்தார், சீக்கிரமே பழைய கதைதான். பட்டறைப் பெரியவர் ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டதுமே, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுகள் சீட்டுக்குள், அதாவது வால்வு உட்காரும் விளிம்புக்குள், புதைந்து கிடப்பதை விரல் வைத்துக் காட்டினார். இந்த ஹெட்டில் சீட்டுக்குத் தனி வளையம் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே வெட்டியிருப்பார்கள். பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அது எரிந்து சீட்டின் மேல் மெல்லிசாகப் படிந்து காப்பாற்றியது. 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்த பிறகு அந்தக் காப்பு போய்விட்டது, சூட்டில் வால்வும் சீட்டும் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து சீட் இறங்கிக்கொண்டே போகிறது.

அதனால் எக்ஸாஸ்ட் சீட் நான்குக்கும் குடைந்து கடின வளையம் இறக்கினார். ஆழம் கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் வழி ஓட்டையாகிவிடும் என்பதால் நிறுத்தி நிறுத்தி அளந்துதான் குடைந்தார்.

எனக்குப் பிடித்தது அவர் வேலை செய்த வரிசை. முதலில் கைடுகளை (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) பார்த்து, ஆட்டம் இருந்ததை மாற்றினார். சீட் கட்டரின் பைலட் கம்பி நிற்பதே கைடுக்குள் என்பதால், கைடு ஆடினால் சீட் மையம் தப்பிவிடும். அப்புறம் மூன்று கோணம்: வால்வு உட்காரும் முகம் 45 டிகிரி, அதற்கு மேலே 30, கீழே 60. போர்ட்டை (ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழி) குடைந்து பளபளவென்று பாலிஷ் போடச் சொல்லலாமா என்று கேட்டேன். “எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க தம்பி. காத்து திணறுறது வால்வு உக்கார்ற விளிம்புல. வால்வு லேசாத் திறக்கையில அங்க வழி விட்டாத்தான் இழுக்கும். போர்ட்டப் பெருசாக்குனா காத்து வேகம் செத்துரும், ஊருக்குள்ள ஓட்ட முடியாது” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போதாததற்கு இந்த ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்லெட் வழி, பெரிதாகக் குடைந்தாலும் அந்தக் கூட்டுவழி மாறாது. சீட்டுக்குக் கீழே கட்டர் விட்ட படியை மட்டும் தேய்த்து, மேனிஃபோல்டு (ஹெட்டோடு சேரும் காற்று, புகைக் குழாய்) வாயைக் கேஸ்கட்டுக்குச் சமமாக்கினார்.

சீட் அகலம் இன்லெட்டில் ஒன்றேகால் மில்லி அளவு, எக்ஸாஸ்ட்டில் அதைவிடக் கூட. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, அங்கே ஒல்லியாக வெட்டினால் வால்வு கருகும். நீலச்சாயம் தடவி வால்வைப் பதித்து எடுத்தபோது முகத்தின் நடுவில் ஒரே சீராக, எங்கும் அறுபடாமல் ஒரு வளையம் விழுந்திருந்தது. கடைசியில் சேம்பரில் (ஹெட்டில் பெட்ரோல் எரியும் குழி) பெட்ரோல் ஊற்றிப் போர்ட்டுப் பக்கம் கசிகிறதா என்றும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் கிடைக்கவில்லை, போன் பண்ணி நினைவுபடுத்திக்கொண்டே இருக்கவேண்டும். தண்ணீர் வழியில் இரும்புத்தூள் ஒட்டியிருந்ததை நான்தான் பார்த்துச் சொல்லி மறுபடி கழுவ வைத்தேன், மாட்டுவதற்கு முன் நீங்களும் பார்த்துவிடுங்கள். ஃப்ளோ பெஞ்ச் கிடையாது, முன்னே பின்னே எவ்வளவு காற்று போகிறது என்று எண்ணில் கேட்பவர்கள் வேறு இடம்தான் தேடவேண்டும். கூலி முதலில் பேசியதேதான், ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை.

இப்போது குன்றக்குடி போகும்போது கியர் குறைக்காமல் டாப்பிலேயே இழுக்கிறது, ஸ்லோவில் உதறல் நின்றுவிட்டது, டேப்பட் கேப்பும் வைத்த இடத்திலேயே நிற்கிறது. கொடுப்பவர்கள் ஹெட்டோடு வால்வு, ஸ்பிரிங், மேனிஃபோல்டு, புதுக் கேஸ்கட் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள். எந்த வால்வு எந்த சிலிண்டருடையது என்று குறித்துக் கொடுத்தால் அவருக்கு வேலை சுலபம்.